கிரான்பர்ன் தோட்டத்துக் கறுப்புத் தட்டி

டார்வின் நகரத்தைப் புயல் தூக்கியடித்த நத்தார் பண்டிகைக்கும், இந்த அவுஸ்திரேலியாவுக்கு நிறத் தொலைக்காட்சி வந்த மாதத்துக்கும் நடுவில், ஐம்பது வருடத்துக்கு முதல் நடந்த கதை இது. வருடத்தை நான் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். மெல்பேர்ணில் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் புதுப் பெட்டிகளை அடுக்கி, இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் நிறத்தில் தெரியும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து போகிற சனம் நின்று பார்க்கும். நானும் நின்றிருக்கிறேன். பெட்டி அணைந்துதான் இருக்கும். அணைந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் சிந்துஜா. சிட்னியில், செவன் ஹில்ஸில் ஒரு பிறந்தநாள் வீட்டில் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். பண்ணைகளுக்கு மேலே ட்ரோன் விட்டுப் பயிரின் சுகத்தைப் படம் பிடிக்கிற வேலையாம். "அங்கிள், நீங்கள் அந்தக் காலத்திலையே மல்ரிஸ்பெக்ரல் செய்தனீங்களாம், உண்மையே?" என்று கேட்டாள். ஒரே இடத்தைப் பல கண்ணாடியால் பிரித்துப் படம் எடுக்கிற வேலைக்குப் பெயர் அது. நான் செய்யவில்லை பிள்ளை, செய்தவருக்குத் தட்டி தூக்கிப் பிலிம் கழுவினேன் என்றேன். இப்போது பறக்க முதல் சின்னச் சாம்பல் மட்டை ஒன்றைக் கமராவுக்குக் காட்டினால் போதும், மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றாள். பிழை வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "வராது அங்கிள். ஓல் ஓட்டோமெற்றிக்."

வராது என்றாளே, அதுதான் என்னை உறுத்தியது. எங்கள் சங்க மலருக்கு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தவளும் அவள்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையெல்லாம் அவள் பொறுப்பு.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவினேன். கலியாணப் படம், அடையாள அட்டைப் படம், செத்தவீட்டுப் படம். அக்காவைக் கலியாணம் செய்த அத்தான் டொக்டர். அவர்கள் மெல்பேர்ணுக்கு வந்தபின் என்னையும் எடுப்பித்தார்கள். அவர்களுடைய பின்னறையில் இருந்தேன். அத்தான் ஒரு சொல் சொன்னது கிடையாது. ஆனால் மேசையில் இரண்டாம் தரம் சோறு போடும்போது அக்கா ஒரு கணம் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போடுவாள். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

ஆகாயத்திலிருந்து நிலத்தைப் படம் எடுக்கிற ஒரு சின்னக் கம்பனியில் இருட்டறைக்கு ஆள் தேவை என்று அத்தான்தான் கண்டுபிடித்தார். கம்பனியின் பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை. ஒரு வருடம் சாதாரணப் பிலிம் கழுவினேன். இரசாயனத்தின் சூட்டைக் கைவிரலால் பார்க்காமல் வெப்பமானியால் பார்க்கப் பழகினேன். படிப்பு அவ்வளவுதான். பிறகு டொக்டர் பார்த்தசாரதி வந்தார்.

அவர் மருந்து டொக்டர் இல்லை, வெளிச்சத்தைப் பற்றிப் படித்த டொக்டர். மெட்ராஸ்காரர். ஒல்லியான மனிதர். நிழல் தன் வேலையில் விழக் கூடாது என்பதற்காக எப்போதும் வெயிலுக்கு முகம் கொடுத்து நிற்பார். தயிர்ச்சாதத்தைக் கம்பனி வானுக்குள் இருந்து, ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடுவார், இலையான் மொய்க்குமாம். அவருடைய வாயில் ஒரு சொல் இருந்தது: இருக்கலாம். நேரம் பத்து மணி என்று சொன்னால், இருக்கலாம் என்பார். இன்றைக்கு முகில் இல்லை என்றால், இருக்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருக்கு என்னிடம் மட்டும் சந்தேகம் என்று ஆரம்பத்தில் நினைத்துக் கோபப்பட்டேன். பிறகு கண்டேன், தன்னிடமும் அவருக்கு அதே அளவு சந்தேகம்தான். ஓர் அளவை என்னைப் பார்க்கச் சொல்வார். நான் சொல்ல வாயெடுத்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். தான் பார்த்து எழுதியபிறகுதான் என் எண்ணைக் கேட்பார். இரண்டும் ஒத்துப்போனால் சந்தோஷப்படவும் மாட்டார். இரண்டு பேரும் ஒரே பிழை விட்டிருக்கலாம் என்பார்.

தட்டிகளை ஏற்றி இறக்கி வான் ஓட்டுகிறவன் கெவின். டொக்டருக்கு அவன் வைத்த பெயர் நீதவான். காலையில் முட்டையை உடைக்க முதல் அது முட்டைதானா என்று இரண்டு சாட்சி கேட்கிற ஆள் என்று என்னிடம் சொல்வான். அவன் சிரித்தால் நான் சிரிக்க மாட்டேன். என்னைப் பற்றி டொக்டரிடம் என்ன சொல்கிறானோ என்ற பயம்.

வேலை இதுதான். விமானத்தின் வயிற்றில் நாலு கண் வைத்த ஒரு கமரா. ஒரே நொடியில் ஒரே இடத்தை நாலு கண்ணாலும் எடுக்கும். முதற் கண்ணுக்கு நீலக் கண்ணாடி, அடுத்ததுக்குப் பச்சை, அடுத்ததுக்குச் சிவப்பு. நாலாவது கண்ணில் இருந்த கண்ணாடி பார்வைக்குக் கறுப்பு. சிவப்புக்கும் அப்பால், மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத வெளிச்சம் ஒன்று இருக்கிறதாம், அதை மட்டும் அது உள்ளே விடும். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். ஆனால் ஒவ்வொரு பொருளும் நாலு கண்ணிலும் நாலு விதமாய் வெளிக்கும். அந்த நாலு அளவும் சேர்ந்ததுதான் அந்தப் பொருளின் கையெழுத்து என்பார் டொக்டர். நல்ல இலை நாலாவது கண்ணில் பளீரென்று வெள்ளையாக இருக்கும். வேரில் நோய் பிடித்த மரத்தின் இலை, எங்களுக்குப் பச்சையாகத் தெரிகிறபோதே அந்தக் கண்ணில் மங்கத் தொடங்கிவிடும்.

ஆனால் மங்கினது மரமா, பிலிமா, அன்றைய வெயிலா? அதைச் சொல்லத்தான் தட்டிகள். இரண்டு கதவைச் சேர்த்து வைத்த அளவில் மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய கன்வஸ். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று வெள்ளை. பனல் என்று அவர்கள் சொல்வார்கள், எனக்குத் தட்டி என்றுதான் வாயில் வரும். ஒவ்வொரு தட்டியும் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்று டொக்டர் முன்பே அளந்து வைத்திருந்தார். படத்தில் அவை எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்த்து, அதை வைத்து மரங்களின் அளவைக் கணக்கிடுவார். தட்டி உண்மை சொன்னால்தான் மரம் உண்மை சொல்லும். அதனால் கறுப்புத் தட்டியின் மையைக் கடையில் வாங்க விடமாட்டார். கரித்தூளை அவரே நிறுத்துக் கலப்பார். நான் பூசுவேன். தூரிகைக் கோடு தெரிந்தால் திரும்பவும் பூச வேண்டும்.

நாலாவது கண்ணின் பிலிம் பெரிய தொல்லை பிடித்த சாமான். குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். சூடு பட்டால், வெளிச்சத்தின் ஒரு கீற்றுப் பட்டால், புகை படிந்தது போல முழுக்க வெளிறிவிடும். அதைக் கழுவ முதல் இருட்டறைக்குள் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா நிற்பேன். கண் இருட்டுக்குப் பழகியபிறகு கதவு இடுக்கில், சாவித் துவாரத்தில் எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று சுவர் சுவராகப் பார்ப்பேன். தெரியாவிட்டால்தான் பெட்டியைத் திறப்பேன்.

அந்தக் கோடையில் எங்களுக்குக் கிடைத்த வேலை, கிரான்பர்னுக்கு அப்பால் ஒரு அப்பிள் தோட்டம். சல்வத்தோரே என்ற இத்தாலியருடையது. தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் சில மரங்களின் வேர் அழுகியிருந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் பரவுகிற நோய். மூலையோடு நின்றுவிட்டதா, மேட்டுக்கும் ஏறிவிட்டதா என்பதுதான் கேள்வி. ஏறியிருந்தால் முழுத் தோட்டத்தையும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று அரசாங்கப் பரிசோதகர் சொல்லியிருந்தார். சல்வத்தோரேக்கு அந்த மரங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. வேரைத் தோண்டிப் பார்த்தால் நல்ல மரமும் சாகும். அதனால்தான் எங்களைப் பிடித்தார்கள். சில வார இடைவெளியில் இரண்டு தரம் பறந்து படம் எடுத்து ஒப்பிட வேண்டும்.

சல்வத்தோரேக்கு எங்களைக் கண்ணிலும் காட்டக் கூடாது. இது நோய் பார்க்கிற விமானம் இல்லை, வீட்டுத்திட்டத்துக்கு நிலம் பார்க்கிற விமானம் என்பது அவருடைய முடிவு. முதல் நாள் நாங்கள் தட்டி இறக்கும்போது வாசலில் நின்று டொக்டரிடம் கேட்டார்: "உங்களுக்கு வயிற்றுவலி வந்தால் உங்கள் வைத்தியரும் ஆகாயத்தில் ஏறி நின்றுதான் பார்ப்பாரா?" டொக்டர் அதற்கும் இருக்கலாம் என்றார். கெவின் திரும்பி நின்று சிரித்தான்.

சல்வத்தோரேயின் வீட்டில் அவருடைய தமக்கை கொன்செத்தாவும் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் செத்துக் கொஞ்சக் காலம். தலை முதல் கால் வரை கறுப்பு. அவர்களுடைய ஊர் வழக்கம் அப்படி, விதவை கறுப்புத்தான் உடுப்பாள். பேச மாட்டாள். கதவருகில் நின்று எங்களுடைய கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அவளையும் பிடிக்கவில்லை. எதையாவது களவெடுப்போம் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

தட்டிகளை அந்தப் பருவம் முடியும்வரை அவர்களுடைய கொட்டிலிலேயே வைப்பதாக ஏற்பாடு. டொக்டர் தமக்கையையும் தம்பியையும் கூப்பிட்டு, தட்டிகளைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இது அரசாங்க வேலைக்கான சாமான். இதைத் தொடக் கூடாது. இதில் ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது. உங்களுடைய மரங்கள் இதில்தான் தங்கியிருக்கின்றன. சல்வத்தோரே துப்பிவிட்டுப் போனார். அவள் போகவில்லை. தட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதற் பறப்பு நல்லபடி முடிந்தது. தாழ்ந்த மூலை மங்கல், மேட்டு மரங்கள் எல்லாம் வெள்ளை வெளேர். பரிசோதகர் நம்பவில்லை. அடுத்ததையும் பார்ப்போம் என்றார்.

இரண்டாம் பறப்புக்குக் கெவின் தனியாகப் போய்த் தட்டிகளைப் புல்வெளியில் பரப்பினான். அன்று முகில் மூடிவிட்டது. திருப்பிக் கொட்டிலில் வைக்கப் பஞ்சிப்பட்டு, பிளாஸ்ரிக் சீலையால் மூடிப்போட்டு வந்துவிட்டான். அடுத்த நாள் வானம் வெளித்தது. அவன் போய்ச் சீலையை இழுத்தான், விமானம் மேலால் போனது. விமானத்தில் கமராவோடு இருந்தது டொக்டர். நான் பட்டணத்தில் இருட்டறையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பறக்கிற நேரத்தில் கீழே நிற்கிறவன் கைக்கருவியால் தட்டிகளை ஒருமுறை அளந்து வைக்க வேண்டும். பற்றரி செத்துவிட்டது என்று கெவின் அளக்கவில்லை.

பிலிமைக் கழுவி, உலர்த்தி, பிரதி எடுத்து, வெளிச்ச மேசையில் போட்டோம். நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் சரி. நாலாவதில் கறுப்புத் தட்டி கறுப்பாக இல்லை. வெளிறிப்போய் இருந்தது.

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடியே கேட்டார்.

"செல்லத்துரை, இந்த ரோலை ஃபிரிட்ஜ்ல இருந்து எப்போ எடுத்தீங்க?"

"விடிய எடுத்தனான் சேர். உங்கட கையிலதான் தந்தனான்."

"ரூம்ல எங்கயாவது லைட் வந்துதா?"

"வரேல்லை சேர். நான் பாத்துப்போட்டுத்தான் திறந்தனான்."

"இருக்கலாம்."

நான் இருட்டறைக்குத் திரும்பிப் போய்ச் சாவித் துவாரத்தை இன்னொருமுறை பார்த்தேன்.

பரிசோதகர் வந்து பார்த்தார். அவருக்கு விஷயம் இலேசாகத் தெரிந்தது. இருட்டறைக்காரன் பிலிமைப் புகைய விட்டுவிட்டான். கறுப்புத் தட்டியில் தெரிகிற வெளிச்சம் முழுக்கப் பிலிமின் பொய். அந்த அளவை எல்லாவற்றிலிருந்தும் கழியுங்கள் என்றார். கழித்தால் என்ன ஆகும்? மரங்களின் வெள்ளையும் அதோடு போய்விடும். மேட்டு மரங்கள் எல்லாம் நோய் மரங்கள் ஆகிவிடும். அவர் கழித்தே பார்த்தார். சில வாரத்துக்குள் நோய் முழுத் தோட்டத்துக்கும் ஏறிவிட்டது என்றார். அடுத்த நாளே ஆள் அனுப்பி மேட்டு மரங்களின் அடியில் பிடுங்க வேண்டியவை என்று வெள்ளைப் பெயின்ரால் புள்ளடி போட வைத்தார். அடுத்த கிழமை பிடுங்குகிற இயந்திரம் வரும்.

டொக்டர் அறிக்கையில் தன் பெயரைப் போட மறுத்துவிட்டார். கம்பனி மனேஜர் கத்தினார். டொக்டர் அதையும் இருக்கலாம் என்று கேட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் வேலை போகிறது என்று நினைத்துப் போனேன்.

அவர் பிலிமின் கரையைக் காட்டினார். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் வெளிச்சமே படாத ஒரு கீற்று இருக்கும். பிலிம் புகைந்திருந்தால் அந்தக் கீற்றும் புகைந்திருக்க வேண்டும். அது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அப்படியானால் இருட்டறையில் குற்றமில்லை. அவர் நிற்கவில்லை. கமராவின் கண்ணுக்குள் வெளிச்சம் சிதறியிருக்கலாம் என்றார். கொட்டிலின் நிழலைத் தேடினார். சிதறியிருந்தால் நிழலும் வெளித்திருக்கும். நிழல் நாலாவது கண்ணிலும் கரிக்கட்டி. அப்படியானால் கமராவிலும் குற்றமில்லை. தட்டியில்தான்.

தட்டி என்றால் கெவின். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கழுவினானா, வேறெதையாவது பூசினானா, புல்லில் விட்டு என்ன செய்தானோ. டொக்டர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் கையை விரித்தான்.

"நீங்கள் கறுப்பு வைக்கச் சொன்னீர்கள், கறுப்பு வைத்தேன். கறுப்பு கறுப்புத்தானே."

பிறகு என் பக்கம் திரும்பி, உள்ளே இருட்டில் என்ன நடந்தது என்று இவனிடம் கேளுங்கள் என்றான். நானும் விடவில்லை. கருவிக்குப் பற்றரி போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். டொக்டர் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்.

பின்னேரம் திரும்பவும் என்னைக் கூப்பிட்டார். நாலு படத்தையும் பெரிதாக்கி வரிசையாக வைத்திருந்தார். அது அவருடைய பழக்கம். ஒரு மூலையில் தொடங்கி, ஒரு பொருளை நாலு படத்திலும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பொருளுக்குப் போவார். கிணறு, வேலி, உழவு இயந்திரம் என்று பார்த்துக்கொண்டே வந்தவர், வீட்டுக்குப் பின்னாலிருந்த பற்றைச் செடியில் நின்றுவிட்டார். பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார்.

"இது என்னன்னு சொல்லுங்க. யோசிக்காதீங்க, பாத்து மட்டும் சொல்லுங்க."

பற்றையின் மேல் ஏதோ விரித்துக் கிடந்தது. முதல் மூன்று படத்திலும் கறுப்பு. இரண்டு கையும் விரிந்த மாதிரி. ஒரு சட்டை. காயப் போட்டிருக்கிறார்கள். நாலாவது படத்தில் அதே சட்டை, அதே இரண்டு கை, வெள்ளை.

"சட்டை சேர்."

"யாரோடது?"

அந்த வீட்டில் கறுப்பு உடுப்பது ஒரே ஆள்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். டொக்டர் கதிரையில் சாய்ந்தார். கரி நாலு கண்ணுக்கும் கறுப்பு. துணிக்குப் போடுகிற சாயம் அப்படியில்லை, அது எங்களுடைய கண்ணுக்கு மட்டும்தான் கறுப்பு என்றார். அந்தத் தட்டியில் இருப்பது அவருடைய கரி இல்லை.

நான் நாலாவது படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களுடைய ஊரில் விதவை வெள்ளைதான் கட்டுவாள்.

சல்வத்தோரே சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் போனோம். கெவினைக் கூட்டிப் போகவில்லை. வழியெல்லாம் டொக்டர் சந்தேகத்தை மாற்றி மாற்றி அடுக்கினார். அவர்களே படத்தைக் கெடுக்க நினைத்துச் செய்திருக்கலாம். ஆனால் கெடுக்க நினைக்கிறவன் தன் மரம் சாகிற மாதிரியா கெடுப்பான்? அவர்களுக்கு இது தெரிந்திருக்க முடியாது. அப்படியானால் ஏன்?

கொட்டிலில் தட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தோம். மேலால் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. கையை வைத்தால்தான் மெத்தென்று துணி. சட்டத்தின் பின்பக்கம் சுற்றிவரத் தையல், ஒவ்வொரு நூலும் எள்ளளவு. அதற்குள் பழைய கன்வஸ் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிந்த வாயில் மாட்டுக் குளம்பின் அடையாளம்.

அவள் வாசலில் நின்றாள். டொக்டர் என்னிடம் மெல்லச் சொன்னார்.

"நீங்க போய்ப் பேசுங்க. நான் போனா பயப்படுவாங்க. இதைத் தொட்டா எல்லாம் போச்சுன்னு சொன்னதே நான்தானே."

எனக்கு இங்கிலிஸ் குறைவு, அவளுக்கு அதைவிடக் குறைவு. அதனால் இரண்டு பேருக்கும் சுற்றிவளைக்க வழியில்லை. அவள் முதலில் கேட்டது போலீஸ் வருமா என்று. இல்லை என்றேன். பிறகு சொன்னாள். முகில் மூடின அன்று பொழுதுபடும் நேரம் கன்று அவிழ்த்துக்கொண்டு போய்ச் சீலைக்கு மேல் ஏறி நின்றுவிட்டது. அரசாங்கச் சாமான் கிழிந்துவிட்டது. இதில்தான் மரங்கள் தங்கியிருக்கின்றன என்று அந்த மெலிந்த மனிதர் சொன்னார். தம்பி அறிந்தால் கன்றைக் கட்டாமல் விட்டது யார் என்று கேட்பான். கட்டாமல் விட்டது அவள். உடுப்புத் தைக்க வாங்கின துணி பெட்டியில் இருந்தது. கறுப்புக்குக் கறுப்பு. விடிய முதல் தைத்து முடித்துப் பழையபடி மூடிவிட்டாள். காலையில் வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தாளாம்.

"மரத்துக்கு ஏன் புள்ளடி போட்டார்கள்?" என்று கேட்டாள்.

நான் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெயிலுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு தூரத்தில் நின்றார். எனக்குப் பொய் வரவில்லை. உங்களுடைய துணியால் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

டொக்டர் வந்து அவளுக்கு முன்னால் குனிந்து நின்று, இயந்திரம் வர முதல் திரும்பவும் பறப்போம் என்று மட்டும் சொன்னார். அவர் இருக்கலாம் போடாமல் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான் எனக்கு ஞாபகம்.

மனேஜரோடு எப்படிக் கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது. புதுக் கன்வஸ் இழுத்தோம், கரி நிறுத்தோம், பூசினேன், அளந்தோம். இந்த முறை தட்டியின் பக்கத்தில் நான் நின்றேன். கைக்கருவியில் புதுப் பற்றரி, சட்டைப் பையில் இன்னுமொன்று. அன்று அதிகாலை மூடுபனி. சல்வத்தோரே தன் மரங்களுக்கு நடுவில் நின்று, புள்ளடி போட்ட ஒரு மரத்தில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பனி கலைய, விமானம் மேலால் போனது.

நாலாவது படம் கழுவி எடுத்தபோது கறுப்புத் தட்டி கரியாகவே இருந்தது. மேட்டு மரங்கள் வெள்ளை வெளேர். தாழ்ந்த மூலை மட்டும் மங்கல், முதல் இருந்ததை விட ஒரு வரிசை கூட. பரிசோதகர் நெடுநேரம் பார்த்தார். இடையில் என்ன நடந்தது என்று கேட்டார். தட்டி ஒன்றை மாடு மிதித்துவிட்டது என்றார் டொக்டர். அறிக்கையிலும் அவ்வளவுதான் போட்டார். மாட்டுக்குப் பிறகு வந்த ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூலை மரங்களை மட்டும் பிடுங்கி எரித்தார்கள். தோட்டம் நின்றது.

தட்டிகளை ஏற்றப் போன கடைசி நாள் சல்வத்தோரே வானை மறித்தார்.

"முதலில் நல்ல மரம் என்றீர்கள். பிறகு கெட்ட மரம் என்றீர்கள். இப்போது திரும்ப நல்ல மரம். மரம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. மாறினது நீங்கள்தான். யார் உங்களை அனுப்பினது?"

டொக்டர் கொன்செத்தா நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தட்டியின் கயிற்றை இறுக்கினார். கெவின் கூடச் சிரிக்கவில்லை. யாரோ தன் நிலத்தைப் பறிக்கப் பார்த்து ஏதோ காரணத்தால் விட்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒருவரும் எங்களைக் காணிக்குள் விடவில்லை.

அவர் போனபிறகு கொன்செத்தா வான் கதவருகில் வந்தாள். அவளுடைய கறுப்புத் துணியை மடித்து வைத்திருந்தேன், கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"தம்பிக்குச் சொல்லாதே. நான் செத்தபிறகு சொல்லு. அப்போது அவன் என்னை வீட்டைவிட்டு அனுப்ப முடியாது."

பகிடி மாதிரித்தான் சொன்னாள். ஆனால் சிரிக்கவில்லை. நான் பின்னறையில் இருக்கிறவன். எனக்கு விளங்கியது. அப்படியே செய்வதாக வாக்குக் கொடுத்தேன். டொக்டருக்குச் சொன்னேன், அவரும் தலையசைத்தார். அவர் காலமாகி இப்போது பல வருடமாகிறது.

அந்த வேலை அடுத்த வருடத்தோடு முடிந்தது. நான் சிட்னிக்கு வந்து லிட்கமில் ஒரு அச்சகத்தில் பிலிம் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். கலியாணம், பிள்ளைகள், நாட்டில் நடந்தவை என்று காலம் போய்விட்டது. மகனோடு ஒருமுறை கிரான்பர்னுக்குப் போய்த் தேடினேன். தோட்டம் இருந்த மேட்டில் வீடுகள். எது எந்த இடம் என்று பிடிபடவில்லை. ஒரு வீட்டு வாசலில் எங்களுடைய ஆட்கள் கோலம் போட்டிருந்தார்கள். சல்வத்தோரே காணியை விற்றாரா, பறித்தார்களா என்று அவர்களைக் கேட்க முடியுமா? அவர் பயந்ததே கடைசியில் நடந்ததோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

சிந்துஜா, இந்த மலர் மெல்பேர்ணுக்கும் போகும் என்றாய். அதனால் கிரான்பர்ன் பக்கம் இருக்கிற வாசகர்களிடம் கேட்கிறேன். அங்கே அப்பிள் தோட்டம் வைத்திருந்த ஓர் இத்தாலியக் குடும்பத்தின் ஆட்கள், சல்வத்தோரேயின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ, உங்களுடைய பள்ளிக்கூடத்தில், வேலையிடத்தில், பக்கத்து வீட்டில் இருக்கலாம். கண்டால் சொல்லுங்கள். அந்த வருடம் அவர்களுடைய நிலத்தைப் பறிக்க ஒருவரும் வரவில்லை. படம் மாறியது ஒரு துணியால். அந்தத் துணியைத் தைத்தவள் மரங்களைக் காப்பாற்றத்தான் தைத்தாள். தையலைக் கண்ணால் பார்த்த ஒருவராலும் பிடிக்க முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முதல் கொன்செத்தா இருக்கிறாளா என்று கேளுங்கள். தொண்ணூறு வயதுப் பக்கம் இருக்கும், இருக்கக் கூடாது என்றில்லை. இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். சுகமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.